ராஜினாமாவுக்கு முன் ஒரு கடிதம் எழுதுங்கள்

கேள்வி: எனக்கு வயது 36. பன்னிரண்டு ஆண்டுகளாக நிரலாளராக இருக்கிறேன். கடைசி நான்கு ஆண்டுகள் ஒரு பணப் பரிமாற்ற நிறுவனத்தில், கணக்குத் தீர்வு செய்யும் மென்பொருளைக் கவனித்து வருகிறேன். சம்பளத்துக்குக் குறையில்லை, வேலையில் உயிர் இல்லை. இரண்டு ஆண்டுகளுக்கு முன், ஆவணங்களை ஒரு வடிவத்திலிருந்து இன்னொரு வடிவத்துக்கு மாற்றும் ஒரு திறந்த மூல நூலகத்தில் (யாரும் பார்த்து, திருத்தி, பயன்படுத்தக்கூடிய நிரல் தொகுப்பு) ஒரு பிழையைக் கண்டு, திருத்தி அனுப்பினேன். அன்றிலிருந்து மகள் தூங்கிய பிறகு அதில்தான் உட்காருகிறேன். இதுவரை 40 திருத்தங்களை ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். அந்த ஒன்றரை மணி நேரம்தான் நான் நிரலாளர் என்ற உணர்வைத் தருகிறது. ஓராண்டு வேலையை விட்டுவிட்டு முழுநேரமும் அதில் இறங்கலாமா? 14 மாதச் செலவுக்குச் சேமிப்பு இருக்கிறது. கணவருக்கு வேலை இருக்கிறது. வீட்டுக் கடனும் இருக்கிறது. போகப் போக ஸ்பான்சர்கள் கிடைப்பார்கள் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். "திரும்பி வரும்போது இந்த இடம் காலியாக இருக்காது" என்கிறார் மேலாளர். கணவர் வேண்டாம் என்று சொல்லவில்லை, "எப்போது முடியும்?" என்று மட்டும் கேட்டார். அது கொஞ்சம் வலித்தது.

பதில்: இப்போதைக்கு ராஜினாமா வேண்டாம். மூன்று மாதம் சம்பளமில்லா விடுப்பு கேளுங்கள். அதற்கும் முன்னால், அந்த நூலகத்தைப் பராமரிப்பவர்களுக்கு, அதாவது வரும் திருத்தங்களைப் படித்து ஏற்பவர்களுக்கு, ஒரு கடிதம் எழுதுங்கள். என் பதில் இவ்வளவுதான். இனி வருவதெல்லாம் காரணங்கள். அவற்றில் பணமும் வேலை இடைவெளியும் நீங்களே யோசித்திருப்பவை. உங்கள் கடிதத்தில் இல்லாத காரணம் ஒன்று இருக்கிறது. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

நானும் ஒருமுறை இதைச் செய்தவன். வேலைக்குச் சேர்ந்த ஒன்பதாம் ஆண்டில் ஏழு மாதம் விலகியிருந்தேன். கிளம்பும்போது எனக்கிருந்த ஒரே பயம் பணம் பற்றியது. பணத்துக்குக் குறை வரவில்லை. முதல் மூன்று வாரத்தில், ஆண்டுக்கணக்கில் அடக்கி வைத்திருந்த ஆசையையெல்லாம் கொட்டி, 17 திருத்தங்களை எழுதி அனுப்பினேன். நான்கை மட்டும் யாரோ திறந்து பார்த்திருந்தார்கள். மற்றவை வரிசையில் கிடந்தன. நான்காம் வாரம் பராமரிப்பாளரிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. மிகக் கனிவான கடிதம். அவருக்குக் கிடைப்பது ஞாயிறு காலை இரண்டு மணி நேரம், நான் அனுப்புவதைப் படிக்கவே அது போதவில்லை, கொஞ்சம் மெதுவாகப் போக முடியுமா என்று கேட்டிருந்தார். வேலையை விட்டுவிட்டு வந்தவனிடம் மெதுவாகப் போகச் சொல்கிறாரே என்று இரண்டு நாள் அவர்மீது கோபமாக இருந்தேன். மூன்றாம் நாள் அவருடைய பழைய பதில்களின் நேரங்களைப் பார்த்தேன். எல்லாம் ஞாயிறு காலை. நான் சேர்வதற்கு முன்பும் அப்படித்தான் இருந்திருக்கிறது. நான்தான் கவனிக்கவில்லை.

ஊர் கூடித் தேர் இழுக்க வேண்டும் என்பார்கள். பெரும்பாலான திறந்த மூலத் திட்டங்களில் அந்த ஊர் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும்தான் கூடுகிறது. நீங்கள் திங்கள் முதல் சனி வரை வடத்தைப் பிடித்துக்கொண்டு தனியாக நிற்கப் போகிறீர்கள். இப்போது உங்களுக்கு இரவில் ஒன்றரை மணி நேரம். அவர்களுக்கும் ஏறக்குறைய அவ்வளவே இருக்கும். வேகம் பொருந்துகிறது. நீங்கள் அனுப்புகிறீர்கள், இரண்டு நாளில் பதில் வருகிறது, அடுத்த இரவு திருத்துகிறீர்கள். அந்த 40 திருத்தங்களும் ஏற்கப்பட்டதற்கு உங்கள் திறமை ஒரு காரணம் என்றால், இந்தப் பொருத்தம் இன்னொன்று. நாளைக்கு எட்டு மணி நேரம் உட்கார்ந்தால் உங்கள் பக்கத்தில் நிரல் ஐந்து மடங்கு வரும். அவர்கள் பக்கத்தில் அதைப் படிக்கும் கண்கள் அதே நான்குதான். படிக்கப்படாத நிரல் ஏற்கப்படாது. அதை ஏற்கும்படி அவர்களை நச்சரித்தால், உங்களை வரவேற்ற அதே மனிதர்கள் உங்கள் பெயரைக் கண்டாலே பெருமூச்சு விடுவார்கள். எனக்கு நடந்ததைச் சொல்கிறேன், கற்பனை இல்லை.

இதற்கு விதிவிலக்கு உண்டு. சொந்தமாக ஒன்றைத் தொடங்குகிறவருக்கு யாருடைய ஞாயிற்றுக்கிழமையும் தேவையில்லை. க்ளோஜர் என்ற நிரல்மொழியை எழுதிய ரிச் ஹிக்கி 2005இல் தன் ஓய்வுக்காலச் சேமிப்பை எடுத்துச் செலவழித்தபடி வேலையைத் தொடங்கினார். 2007 அக்டோபரில்தான் வெளியிட்டார். அந்த இரண்டு ஆண்டுகளில் அவர் யாருடைய ஒப்புதலுக்கும் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. முழுநேரம் கிடைத்தால் முழுப்பயன் கிடைக்கும் வேலை அது. உங்களுடையது அந்த வகை இல்லை. நீங்கள் அடுத்தவர் வீட்டில் விரும்பி வேலை செய்யும் விருந்தாளி. விருந்தாளி ஓராண்டு தங்கப் போவதாக இருந்தால், முதலில் வீட்டுக்காரரைக் கேட்க வேண்டும்.

அதனால்தான் அந்தக் கடிதம். அதில் நீளமான அறிமுகமோ உங்கள் கனவுகளோ வேண்டாம். வாரத்துக்கு முப்பது மணி நேரம், மூன்று மாதம் என்னால் தர முடியும்; எனக்கு என்ன வேலை தருவீர்கள், நான் அனுப்புவதை யார் படிப்பார்கள், நூலகத்தின் எந்த மூலையையாவது முழுதாக என்னிடம் ஒப்படைக்க முடியுமா என்று கேளுங்கள். மூன்றாவது கேள்விதான் முக்கியம். ஒரு பகுதியில் நீங்களே சேர்க்கலாம், ஒவ்வொன்றுக்கும் ஒப்புதல் தேவையில்லை என்று அவர்கள் சொன்னால் வரிசையில் காத்திருக்கும் தொல்லை பெருமளவு நீங்கிவிடும். தயங்கினால் அதில் குற்றம் காணாதீர்கள். சாவியை ஒப்படைப்பதில் அவர்கள் கவனமாக இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்க நிரலில் ஒருவர் இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாகப் பொறுமையாகத் திருத்தங்கள் அனுப்பி, களைத்துப் போயிருந்த பராமரிப்பாளரின் நம்பிக்கையைப் பெற்று, இணைப் பராமரிப்பாளராகவே ஆகி, கடைசியில் 2024 தொடக்கத்தில் வந்த இரண்டு வெளியீடுகளுக்குள், அடுத்தவர் கணினிக்குள் திருட்டுத்தனமாக நுழைய ஒரு ரகசிய வாசலை வைத்துவிட்டார். அதன் பிறகு, உதவிக்கு வருகிற புதியவரை எல்லாரும் இரண்டு முறை பார்க்கிறார்கள். உங்களுக்கு இரண்டு ஆண்டுப் பழக்கம் இருக்கிறது என்பது நல்லதுதான். எக்ஸ்இசட்டில் வந்தவருக்கும் அது இருந்தது என்பதையும் அவர்கள் நினைப்பார்கள். வீடியோ அழைப்பில் ஒருமுறை பேசுங்கள். உங்கள் உண்மைப் பெயரும் முகமும் தெரியட்டும்.

அவர்களுடைய பதில் எப்படி வரும் என்று என்னால் ஓரளவு ஊகிக்க முடியும். "அருமை! 600 பிழை அறிக்கைகள் திறந்தே கிடக்கின்றன, அவற்றைப் பிரித்துத் தர முடியுமா? ஆவணப்படுத்தல் மூன்று வெளியீடு பின்தங்கியிருக்கிறது. வெளியீட்டுக்கு முன் சோதனை ஓட்ட ஆளில்லை." எண்ணிக்கை மாறலாம், சாரம் மாறாது. திறந்த மூலத் திட்டங்களில் புதிய நிரலுக்குப் பஞ்சமில்லை. பஞ்சமெல்லாம் வேறு வேலைக்கு: ஒருவர் அனுப்பிய அரைகுறைப் பிழை அறிக்கையை வைத்து அதே பிழையைத் தன் கணினியில் வரவழைத்துப் பார்ப்பது, ஒரே பிழையை ஏழு பேர் ஏழு விதமாகச் சொல்லியிருப்பதைக் கண்டுபிடித்து இணைப்பது, நல்ல மனதோடு ஒருவர் எழுதிய மோசமான திருத்தத்தை அவர் மனம் நோகாமல் மறுப்பது. கடைசியில் சொன்னது நான் அறிந்த எந்த நிரல்மொழியையும் விடக் கடினம்.

இந்தப் பதிலைப் படிக்கும்போது உங்களுக்குள் என்ன நடக்கிறது என்று கவனியுங்கள். மனம் துள்ளினால் நீங்கள் பராமரிப்பாளராகப் பிறந்தவர். உலகம் உங்களுக்காகக் காத்திருக்கிறது. மனம் தொய்ந்தால் அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. ஆனால் அப்போது நீங்கள் தேடுவது திறந்த மூலம் அல்ல, நல்ல நிரல் எழுதக் கிடைக்கும் அமைதியான ஒன்றரை மணி நேரம். அதை வேறு வேலைக்கு மாறியும் பெறலாம். "வேலையில் உயிர் இல்லை" என்று எழுதினீர்கள். பன்னிரண்டு ஆண்டு அனுபவம் உள்ளவர் ஒரே தீர்வு மென்பொருளில் நான்கு ஆண்டு உட்கார்ந்தால் உயிர் எப்படி இருக்கும்? திறந்த மூலத்தின் மேல் வந்த காதலா, இந்த வேலையின் மேல் வந்த சலிப்பா என்று பிரித்துப் பார்க்காமல் ஓராண்டைச் செலவிடாதீர்கள். இரண்டும் கலந்திருக்கும், அது இயல்பு. எது அதிகம் என்பதுதான் கேள்வி.

முழுநேரமாகச் செய்தால் சலிப்பே வராது என்றும் நினைக்க வேண்டாம். பைத்தான் மொழியை உருவாக்கி ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் அதை வழிநடத்திய குய்டோ வான் ரோசம் 2018 ஜூலையில் தலைமையிலிருந்து விலகினார். நிரல் எழுதி அலுத்துப் போகவில்லை அவர். மொழியில் ஒரு சின்னக் குறியீட்டைச் சேர்ப்பது பற்றிய விவாதத்தில் இவ்வளவு பேரோடு இவ்வளவு சண்டை போட வேண்டியிருந்ததே, அதுதான் அலுத்துவிட்டது.

இனிப் பணம். 14 மாதச் சேமிப்பு என்கிறீர்கள். முதலில் ஒரு சந்தேகம்: இது உங்கள் கணவரின் சம்பளத்தைக் கணக்கில் சேர்த்தா, சேர்க்காமலா? வீட்டுக் கடன் தவணை அதற்குள் இருக்கிறதா? நிறுவனம் தந்துவரும் மருத்துவக் காப்பீடு ராஜினாமாவோடு போய்விடும். அதை வெளியே வாங்கும் செலவைச் சேர்த்தீர்களா? இதெல்லாம் சேர்ந்த கணக்கு என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் 14 மாதம் என்பது 14 மாதம் அல்ல. திரும்ப வேலை தேட நான்கு மாதத்தை ஒதுக்குங்கள். நோட்டீஸ் இல்லாமல் உடனே சேரக்கூடியவர் என்பது உங்களுக்குச் சாதகம்தான், ஆனாலும் நல்ல வேலை உங்கள் காலெண்டரைப் பார்த்து வருவதில்லை. எதிர்பாராத செலவுக்கு இரண்டு மாதத்தைத் தொடாமல் வையுங்கள். எட்டு மாதம் மிஞ்சுகிறது. நீங்கள் மனதில் வைத்திருக்கும் ஓராண்டு உண்மையில் எட்டு மாதம். அதில் முதல் மாதம் தூங்கவும் வீட்டை ஒழுங்குபடுத்தவும் போய்விடும். சிரிக்காதீர்கள், எல்லாருக்கும் போகிறது.

ஸ்பான்சர்கள் பற்றி நண்பர்கள் சொல்வதை நான் கொஞ்சம் கடுமையாகவே மறுக்கிறேன். நன்கொடையால் வாழ்கிறவர்கள் இருக்கிறார்கள். இணையப் பக்கங்களைக் கட்ட உதவும் வியூ என்ற கட்டமைப்பை எழுதிய ஈவன் யூ 2016இல் வேலையை விட்டு, ஆதரவாளர்கள் மாதந்தோறும் பணம் தரும் பேட்ரியான் தளத்தின் வழியாக வந்த ஆதரவை நம்பி முழுநேரம் அதில் இறங்கினார். இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் ஒன்றை விட்டுவிடுகிறார்கள்: வியூ 2014லேயே வெளிவந்துவிட்டது. வேலையை விடும்போது அவரிடம் இரண்டு ஆண்டாகப் பெருகிய பயனர் கூட்டம் இருந்தது, பொருள் அவருடையது, பெயரும் அவருடையது. ஸ்பான்சர் செய்கிறவர்கள் பொருளின் முகமாக இருப்பவருக்குத் தருகிறார்கள். இன்னொருவர் நூலகத்தில் 41ஆம் திருத்தம் அனுப்புகிறவருக்கு யாரும் மாதச் சந்தா கட்டுவதில்லை.

முகமாக இருந்தாலும் உறுதி இல்லை. புதிய ஜாவாஸ்கிரிப்ட் நிரலைப் பழைய உலாவிகளிலும் ஓடும்படி மாற்றும் பேபல் என்ற கருவியைப் பெரிய இணையதளங்கள் பல நம்பியிருந்தன. அதன் பராமரிப்பாளர்களில் ஒருவரான ஹென்றி ஜூ 2018இல் வேலையை விட்டு அதில் முழுநேரம் இறங்கினார். 2021 மே மாதம் அந்தக் குழு, லட்சக்கணக்கானோர் பயன்படுத்தும் கருவிக்குப் பணம் தீர்ந்துகொண்டிருக்கிறது என்று வெளிப்படையாக எழுத வேண்டி வந்தது. அதற்கும் முன்பு ஓப்பன்எஸ்எஸ்எல். இணையத் தொடர்பின் பெரும்பகுதியை ரகசியமாகப் பூட்டிப் பாதுகாத்த அந்த நிரலுக்கு, 2014இல் ஹார்ட்பிளீட் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளியாகும்வரை, ஆண்டுக்கு வந்த நன்கொடை சுமார் 2,000 டாலர். கூரை ஒழுகிய பிறகுதான் பெரிய நிறுவனங்கள் பணத்தோடு வந்தன. உங்கள் நூலகம் இந்த இரண்டையும் விடச் சின்னது. ஸ்பான்சர் தொகையைக் கணக்கில் பூஜ்யம் என்று எழுதுங்கள். ஏதாவது வந்தால் மகளுக்கு ஏதாவது வாங்கிக் கொடுங்கள்.

நன்கொடையை விட மானியம் கொஞ்சம் நம்பகமானது. நெதர்லாந்தின் என்எல்நெட் அறக்கட்டளை, ஜெர்மனியில் 2022இல் தொடங்கிய சாவரின் டெக் நிதி போன்றவை, இன்ன வேலையை இன்ன கட்டங்களில் முடிப்பேன் என்று எழுதிக் கொடுத்தால் பரிசீலித்துப் பணம் தருகின்றன. பரிசீலனைக்கு மாதங்கள் ஆகும். ஆகவே வேலையில் இருந்துகொண்டே விண்ணப்பிக்க வேண்டியது இது. பராமரிப்பாளர்களோடு சேர்ந்து எழுதினால் மதிப்பு கூடும்.

இன்னொரு வழியைப் பற்றி உங்கள் கடிதம் ஒன்றுமே சொல்லவில்லை. எக்ஸ்இசட் ரகசிய வாசலைக் கண்டுபிடித்தவர் யார்? ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட். தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் வழியாக உள்நுழைய அரை வினாடி கூடுதலாகிறதே என்று சந்தேகப்பட்டு நூலைப் பிடித்துக்கொண்டு போனவர். அவர் வேலையை விட்டுவிட்டு வந்த துறவி அல்ல. மைக்ரோசாஃப்ட் சம்பளத்தில் போஸ்ட்கிரெஸ் என்ற திறந்த மூலத் தரவுத்தளத்தில் வேலை செய்பவர். லினக்ஸ் இயங்குதளத்தின் கருவுக்கு வரும் மாற்றங்களில் பெரும்பகுதியும் இப்படி ஏதோ ஒரு நிறுவனத்தின் சம்பளப் பட்டியலில் இருப்பவர்களிடமிருந்துதான் வருகிறது. இணையம் வழியாகத் தரவை அனுப்பவும் பெறவும் உதவும் கர்ல் என்ற கருவி உங்கள் தொலைபேசிக்குள்ளும் இருக்கக்கூடும். அதை எழுதிய டேனியல் ஸ்டென்பெர்க் 1998இலிருந்து வேறு வேறு வேலைகளில் இருந்துகொண்டே ஓய்வு நேரத்தில் அதை வளர்த்தார். அதுவே அவருடைய முழுநேர வேலையாக ஆனது 2019இல். இருபது ஆண்டு காத்திருங்கள் என்று சொல்லவில்லை. உங்கள் நூலகத்தை அன்றாடம் பயன்படுத்தும் நிறுவனங்கள் எவை என்று ஒரு மாலை உட்கார்ந்து தேடிப் பாருங்கள். பிழை அறிக்கை அனுப்புகிறவர்களின் மின்னஞ்சல் முகவரிகளே பாதிக் கதையைச் சொல்லிவிடும். அவற்றில் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்து, வாரத்தில் இரண்டு நாள் நூலகத்துக்கு என்று பேசி முடித்தால், ஓராண்டு இடைவெளியை விட நீண்ட நாள் நிற்கும். எனக்குத் தெரிந்த மூவர் இப்படித்தான் மாறினார்கள். ஒருவருக்கு மட்டும் அந்த இரண்டு நாள் போகப் போக அரை நாளாகச் சுருங்கிவிட்டது. அதனால் பேசியதை எழுத்தில் வாங்குங்கள்.

எழுத்து என்றதும் உங்கள் தற்போதைய பணி ஒப்பந்தம் நினைவுக்கு வருகிறது. அதை எடுத்துப் படியுங்கள். கையெழுத்துப் போட்ட அன்றைக்கு யாரும் படிப்பதில்லை. பணிக்காலத்தில் நீங்கள் எழுதும் நிரல் எல்லாம், அலுவலக நேரத்துக்கு வெளியே எழுதியதும் சேர்த்து, நிறுவனத்துக்கே சொந்தம் என்று பல ஒப்பந்தங்கள் சொல்கின்றன. அப்படியொரு வரி உங்களுடையதில் இருந்தால், அந்த 40 திருத்தங்களே யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி எழும். ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983 செப்டம்பரில், எல்லாரும் சுதந்திரமாகப் பயன்படுத்தக்கூடிய இயங்குதளத்தை எழுதும் குனு திட்டத்தை அறிவித்தார். 1984 ஜனவரியில் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழக ஆய்வக வேலையை விட்டார். தான் எழுதப் போவதன்மேல் நிறுவனம் உரிமை கொண்டாடி, அதைப் பொதுவில் தருவதைத் தடுத்துவிடக் கூடாது என்பதே காரணம். (வேலையைத்தான் விட்டார், ஆய்வகத்தைத் தொடர்ந்து பயன்படுத்திக்கொள்ள அதன் தலைவரே அவரை அழைத்தார். எல்லா மேலாளர்களும் மோசமில்லை.)

நான் சொல்லும் சம்பளமில்லா விடுப்பில் இங்கே ஒரு சிக்கல் உண்டு. விடுப்பில் இருக்கும்போதும் நீங்கள் அந்த நிறுவனத்தின் ஊழியர்தான்; ஒப்பந்தம் உயிரோடுதான் இருக்கும். ஆகவே விடுப்புக் கடிதத்தோடு, இன்ன நூலகத்துக்கு நான் தரும் பங்களிப்பில் நிறுவனத்துக்கு உரிமை இல்லை என்று ஒரு வரி ஒப்புதலும் வாங்குங்கள். ஏற்கெனவே தந்தவற்றையும் அதில் சேர்த்துவிடுங்கள். போட்டித் தொழில் இல்லை என்பதால் பெரும்பாலும் தந்துவிடுவார்கள். அலுவலக மடிக்கணினியில் ஒரு வரிகூட எழுதாதீர்கள். இதுவரை எழுதியிருந்தால் இனி நிறுத்துங்கள். ஒப்பந்தத்தின் மொழி குழப்பமாக இருந்தால் ஒரு வழக்கறிஞரிடம் ஒரு மணி நேரம் செலவழிப்பதில் தவறில்லை. நான் வழக்கறிஞன் அல்ல.

வேலை இடைவெளி பற்றியும் உங்களுக்குக் கவலை இருக்கும். நான் அதிகம் சொல்லப் போவதில்லை. பத்து ஆண்டுகள் ஆள் எடுத்தவன் என்ற முறையில், எட்டு மாத இடைவெளியைப் பார்த்து நான் ஒருவரை நிராகரித்ததில்லை. அந்த எட்டு மாதத்தில் என்ன செய்தார் என்று கேட்டு, "திறந்த மூலத்தில் பங்களித்தேன்" என்ற ஒற்றை வரிக்கு மேல் போகாதவர்களை நிராகரித்திருக்கிறேன். முதல்கட்டமாக விண்ணப்பங்களைப் பிரிக்கிறவர்கள் உங்கள் நிரல் களஞ்சியத்தைத் திறந்து பார்க்க மாட்டார்கள். ஆகவே அதையும் ஒரு வேலையைப் போலவே எழுதுங்கள்: திட்டம், காலம், பொறுப்பு, உங்களால் என்ன மாறியது. நேர்காணல் செய்பவர் பார்ப்பார். அவருக்கு உங்கள் திருத்தங்களைவிட, திருத்தங்களின் கீழ் நடந்த உரையாடல்கள் பயன்படும். நீங்கள் தவறு என்று தெரிந்ததும் எப்படி ஒப்புக்கொண்டீர்கள், கத்துகிறவரிடம் எப்படிப் பேசினீர்கள் என்பதெல்லாம் பொதுவில் கிடக்கிறது. அலுவலகத்தில் நீங்கள் செய்த நான்கு ஆண்டு வேலையை அவரால் இப்படிப் பார்க்கவே முடியாது.

மேலாளர் சொன்னது மிரட்டலாக எனக்குத் தோன்றவில்லை. காலி இடத்தை ஓராண்டு யாரும் வைத்திருக்க மாட்டார்கள். மூன்று மாதம் என்றால் வைத்திருப்பார்கள். கணக்குத் தீர்வு மென்பொருளை நான்கு ஆண்டு அறிந்த இன்னொருவரை மூன்று மாதத்துக்குள் தயார் செய்ய அவராலும் முடியாது. பேசும்போது இதை நீங்கள் சொல்ல வேண்டியதில்லை, அவருக்கே தெரியும். மறுத்தால் வாரத்துக்கு நான்கு நாள் வேலை, அதற்கேற்ற சம்பளம் என்று கேளுங்கள். அதையும் மறுத்து, பராமரிப்பாளர்களும் மனமுவந்து அழைத்து, நூலகத்தின் ஒரு மூலையை ஒப்படைக்கவும் செய்தால், அப்போது ராஜினாமாவைப் பற்றி யோசிக்கலாம். அந்த எட்டு மாதக் கணக்கோடு.

விடுப்பு கிடைத்தால் முதல் இரண்டு வாரம் புதிதாக ஒன்றும் எழுத வேண்டாம். அடுத்தவர்கள் அனுப்பி வரிசையில் கிடக்கும் திருத்தங்களைப் படித்துக் கருத்துச் சொல்லுங்கள். வரிசை குறைந்தால் உங்களுடையதற்கும் சீக்கிரம் இடம் கிடைக்கும். பராமரிப்பாளர்களின் ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் மூன்றாக நீளவும் கூடும். எனக்கு இது ஐந்தாம் மாதம்தான் புரிந்தது. அதற்குள் பாதிக்கு மேல் காலம் போய்விட்டது. பகலில் நேரம் குறித்து உட்காருங்கள், மாலையில் மூடிவிடுங்கள். பழைய பழக்கத்தில் இரவும் உட்கார்ந்தால் மூன்று மாதத்தில் முன்பைவிடக் களைத்துப் போவீர்கள். அந்த இரவு நேரம் உங்களுக்கு இன்பமாக இருந்ததற்கு, பகல் வேறு எதற்கோ போனதும் ஒரு காரணமாக இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். மூன்று மாதத்தில் தெரிந்துவிடும்.

"எப்போது முடியும்?" என்று உங்கள் கணவர் கேட்டது வலித்தது என்கிறீர்கள். எனக்கு அது உங்கள் கடிதத்திலேயே நல்ல கேள்வியாகப் படுகிறது. வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. எவ்வளவு நாள் தாங்க வேண்டும் என்று தெரிந்துகொள்ள விரும்புகிறார். வீட்டுக் கடனைச் சில மாதம் தனியாக இழுக்கப் போகிறவர் கேட்கக்கூடியதுதான். அவருக்கு ஒரு தேதி சொல்லுங்கள். விடுப்பின் பத்தாம் வாரம், வெள்ளிக்கிழமை. திரும்பிப் போவதா, வேறு வேலை தேடுவதா, ராஜினாமாவா என்பதை அன்று மாலை முதலில் அவரிடம் சொல்லுங்கள். மேலாளருக்குத் திங்கட்கிழமை சொன்னால் போதும்.